உறவுக்கு வரைவிலக்கணம்: கனடாவின் குடும்ப வகுப்பும் பொறுப்பேற்பின் வரலாறும்

புலம்பெயர்ந்த தமிழரின் அன்றாடப் பேச்சிலே கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்து குடியேறிய சொற்களுள், ‘ஸ்பொன்சர்’ என்ற சொல்லுக்கு நிகரான வலுப்பெற்றது வேறொன்று இருத்தல் அரிது. “அண்ணன் ஸ்பொன்சர் செய்திருக்கிறார்”, “அம்மாவின் ஸ்பொன்சர் இன்னும் சரிவரவில்லை”, “பிள்ளை ஸ்பொன்சரிலே போய்விட்டாள்” என்றவாறு வினையாகவும் பெயராகவும் அது நம் வீடுகளில் வழங்கி வருகிறது. பொறுப்பேற்றல் என்று தமிழாக்கி எழுதுவோரும் உளர். எனினும் மூலச்சொல்லுக்குள்ளே ஒரு நுட்பம் உண்டு. இலத்தீன் மொழியில் ‘ஸ்பொன்டெரே’ என்பது உறுதிமொழி கூறுதலைக் குறிக்கும். பண்டைய உரோமச் சட்டத்தில் பிறனொருவனுடைய கடனுக்குப் பிணை நிற்பவனே ‘ஸ்பொன்சர்’ எனப்பட்டான். மணம்பேசி நிச்சயிக்கப்பட்டவரைக் குறித்த இலத்தீன் சொல்லும், அதன்வழி ஆங்கிலத்தில் வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் ‘ஸ்பௌஸ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தவை. ஆக, மணவுறவும் கடன்பிணையும் ஒரே சொல்லின் இரு கிளைகள். கனடாவின் குடிவரவு வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இந்தச் சொற்பிறப்பே அவ்வரலாற்றின் சுருக்கமாகவும் தோன்றும்.

நம் இலக்கியக் கூட்டங்களில் புலம்பெயர்வு பற்றிப் பேசப்படும்போது போர், அகதிப் பயணம், பனி, தனிமை என்பனவே பெரிதும் பேசப்படுகின்றன. இவ்வூருக்கு வந்து சேர்ந்த தமிழரில் கணிசமானோர் மனைவியாகவும் கணவனாகவும் தாயாகவும் தந்தையாகவும் பிள்ளையாகவும் ஒரு விண்ணப்பப் படிவத்தின் வழி வந்தவர்கள் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. யார் உறவினர், யார் உறவினரல்லர் என்று ஓர் அரசு எவ்வாறு தீர்மானித்து வந்துள்ளது என்பதையும், அத்தீர்மானம் நம் குடும்பங்களை எவ்வாறு வகுத்தும் பிரித்தும் அமைத்தது என்பதையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் நோக்க முயல்கிறது.

1. மனைவியர் இல்லாத ஊர்கள்

குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை கனடாவில் தொடக்கம் முதல் எல்லோர்க்கும் இருந்த ஒன்றன்று. பசிபிக் புகையிரதப் பாதையை அமைப்பதற்குச் சீனத் தொழிலாளர் தேவைப்பட்டனர். பாதை நிறைவெய்திய 1885 ஆம் ஆண்டிலேயே சீனர் மீது 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. அது பின்னர் 100 டொலராகவும், 1903 இல் இயற்றிய சட்டத்தால் 500 டொலராகவும் உயர்ந்தது. ஒரு தொழிலாளி தன்னொருவனுக்கே அதைக் கட்ட ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்த நிலையில், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டுவது எங்ஙனம்? 1911 ஆம் ஆண்டளவில் கனடாவில் இருந்த சீனருள் பெண் ஒருவருக்கு ஏறக்குறைய 28 ஆண்கள் என்ற விகிதம் நிலவியது. 1923 யூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சீனர் குடிவரவுச் சட்டம் எஞ்சியிருந்த கதவையும் சாத்தியது. அச்சட்டம் 1947 இல் நீக்கப்படும் வரை, இருபத்துநான்கு ஆண்டுகள், கடலின் இக்கரையில் கணவரும் அக்கரையில் மனைவியருமாக ஒரு தலைமுறை முதிர்ந்து மறைந்தது. கனடா தினமாகிய யூலை முதலாம் நாளைச் சீனக் கனடியர் ‘அவமான நாள்’ என்று நெடுங்காலம் அழைத்ததன் காரணம் இதுவே. தலைவரிக்காகக் கனடிய அரசு 2006 யூன் மாதத்தில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

இந்தியரைத் தடுப்பதற்கு வேறோர் உபாயம் கையாளப்பட்டது. அவர்கள் பிரித்தானியப் பேரரசின் பிரசைகளாதலால், இனப்பெயர் சொல்லித் தடுப்பது பேரரசுக்குச் சங்கடம் விளைக்கும். ஆகவே 1908 இல் ‘தொடர்ச்சியான பயண விதி’ பிறந்தது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் இறங்காது, ஒரே பயணச்சீட்டில் வருவோரே இறங்கலாம் என்பது விதி. இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே வருவதற்கு வழி இருக்கவில்லை. 1914 மே மாதத்தில் 376 பயணிகளுடன் வன்கூவர் துறையை அடைந்த ‘கோமகாட்டா மாரு’ கப்பல் இரண்டு மாதங்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்து, யூலை 23 இல் திருப்பியனுப்பப்பட்ட கதை பலரும் அறிந்ததே. இறங்க அனுமதிக்கப்பட்டோர் இருபத்துநால்வர் மாத்திரமே.

அக்கப்பலுக்கு இரண்டாண்டுகள் முன்னர் நிகழ்ந்த ஒன்று அவ்வளவாக அறியப்படாதது. வன்கூவர் சீக்கியக் கோயிலின் தலைவரான பாக் சிங், அதன் கிரந்தியான பல்வந்த் சிங் ஆகிய இருவரும் தாயகம் சென்று தம் மனைவியரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1912 இன் தொடக்கத்தில் வன்கூவர் திரும்பினர். ஆண்கள் முன்பே குடியேறியவர்களாதலால் இறங்கலாம். பெண்களும் பிள்ளைகளும் திருப்பியனுப்பப்பட வேண்டும் என்று அதிகாரிகள் ஆணையிட்டனர். வழக்கும் முறையீடும் மாதக்கணக்கில் நடந்தன. ஈற்றில் அரசு அவர்களைத் தங்க அனுமதித்தது. உரிமை என்ற பேரில் அவ்வனுமதி வழங்கப்படவில்லை. இது ஒரு கருணைச் செயல், பிறர்க்கு முன்னுதாரணமாகாது என்ற குறிப்புடனேயே வழங்கப்பட்டது. மனைவி கணவனோடு வாழ்வதை ‘கருணை’ என்று ஓர் அரசு பதிவுசெய்த அந்த வாக்கியம், குடும்ப வகுப்பின் வரலாற்றில் முதற்பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்கது. 1919 இல், பேரரசு மாநாட்டுத் தீர்மானத்தின் விளைவாக, கனடாவில் வாழ்ந்த இந்தியர் தம் மனைவியரையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைக்கலாம் என்று ஆணை வெளிவந்தது. சான்றாவணச் சிக்கல்களும் செலவும் காரணமாக அதன்பின்னரும் வந்து சேர்ந்தோர் மிகச் சிலரே.

2. ஐம்பது பேருக்கு ஒரு தீவு

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலைமை மெல்ல மாறியது. 1947 இல் சீனர் விலக்குச் சட்டம் நீங்கிய போதும், ஆசியருள் கனடியக் குடியுரிமை பெற்றோர் மாத்திரமே மனைவியையும் இளம்பிள்ளைகளையும் அழைக்கலாம் என்ற பழைய கட்டுப்பாடு தொடர்ந்தது. ஐரோப்பியருக்கு அத்தடை இல்லை.

1951 இல் கனடா புதிதாகச் சுதந்திரம் பெற்ற மூன்று நாடுகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுதோறும் இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர் வரலாம். நம் தீவு கனடியக் குடிவரவு ஏட்டிலே தனிப்பெயரோடு இடம்பெற்ற தருணம் அது. ஐம்பது என்பது ஒரு பேருந்தில் அடங்கும் தொகை. அரை நூற்றாண்டுக்குள் அத்தீவின் ஒரு மொழியினர் ரொறன்ரோப் பெருநகரின் பேருந்துகளை நிரப்புவர் என்று அவ்வொப்பந்தத்தை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இக்காலத்தில் பொறுப்பேற்பு முறையை முழுமையாகப் பயன்படுத்தியோர் தென் ஐரோப்பியர், குறிப்பாக இத்தாலியர் ஆவர். ஒருவன் வந்து கட்டட வேலையில் அமர்வான். தம்பியை அழைப்பான். தம்பி மைத்துனனை அழைப்பான். மைத்துனன் தன் ஊரையே அழைப்பான். 1958 இல் கனடாவுக்கு ஆட்களை அனுப்பிய நாடுகளின் வரிசையில் இத்தாலி பிரித்தானியாவையும் விஞ்சியது. அதைக் கண்டு அஞ்சிய அரசு 1959 மார்ச்சில் பொறுப்பேற்கத்தக்க உறவினரின் வட்டத்தைச் சுருக்கி ஆணையிட்டது. இத்தாலியச் சமூகத்தினரிடமிருந்தும் எதிர்க்கட்சியினரிடமிருந்தும் எழுந்த எதிர்ப்பினால் சில வாரங்களில் அவ்வாணை மீளப்பெறப்பட்டது. வாக்குரிமை பெற்ற சமூகத்தின் உறவுகளை அரசு எளிதிற் குறுக்க இயலாது என்பது அன்று தெளிவாயிற்று.

1962 ஜனவரியில் குடிவரவு அமைச்சர் எலன் ஃபெயர்குளோ வெளியிட்ட புதிய விதிகள், கனடியக் குடிவரவுக் கொள்கையிலிருந்து இனப்பாகுபாட்டை நீக்கியவை என்று போற்றப்படுகின்றன. அப்போற்றுதல் தக்கதே. ஆயினும் ஒரேயோர் இடத்தில் பழைய பாகுபாடு எஞ்சியது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்தும் வந்தோர் விரிந்த உறவு வட்டத்தைப் பொறுப்பேற்கலாம். ஆசியரும் ஆபிரிக்கரும் அவ்வாறு செய்ய இயலாது. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் அழிக்கப்பட்ட நிறவேற்றுமை, உறவினர் பற்றிய பக்கத்தில் மாத்திரம் மேலும் ஐந்தாண்டுகள் வாழ்ந்தது. தனியொருவர் வந்து உழைப்பதைக் காட்டிலும், அவர் பின்னே ஒரு குலம் வந்து வேரூன்றுவதே ஆட்சியாளரை அஞ்சவைத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1967 ஒக்ரோபரில் புள்ளிமுறை வந்தபோதே அவ்வேற்றுமை நீங்கியது.

3. குடும்ப வகுப்பும் எண்பத்துமூன்றும்

1976 இல் நிறைவேறி 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், பிரிந்த குடும்பங்களை ஒன்றுசேர்த்தலைச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகப் பொறித்தது. ‘குடும்ப வகுப்பு’ என்ற தனி வகுப்பும் அப்பொழுதே உருவாயிற்று. கருணையாக இருந்தது நோக்கமாக உயர்ந்தது. வாழ்க்கைத் துணை, மணம் நிச்சயிக்கப்பட்டவர், மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் அவ்வகுப்பில் அடங்கினர். உடன்பிறந்தோர் அதில் அடங்கவில்லை. அவர்கள் புள்ளிமுறையிலே சிறு சலுகை பெறும் ‘உதவி பெறும் உறவினர்’ என வேறாக வைக்கப்பட்டனர். 2002 இன் சட்டத்தில் அவ்வகையும் மறைந்து, கனடாவில் உறவினர் இருத்தல் சில புள்ளிகளுக்குரிய தகுதியாகச் சுருங்கியது.

1983 யூலை வன்செயலின்பின் கனடா இலங்கையருக்கெனச் சிறப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. ஏற்கெனவே கனடாவில் இருந்தோர் திருப்பியனுப்பப்படவில்லை. இங்கிருந்தோரின் உறவினர் தளர்த்திய விதிகளின்கீழ் வருவதற்கும் வழி திறந்தது. அதுகாறும் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், மாணவர் எனச் சிறு தொகையினராக இருந்த தமிழரின் உறவுமுறை அன்றுமுதல் குடிவரவுப் பாதையாயிற்று. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ‘சிங்’ வழக்கில், அகதிக் கோரிக்கையாளர் நேரில் கேட்கப்படும் உரிமை உடையவர் என்று தீர்ப்பளித்தது. 1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீன்பிடிப் படகினர் மீட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

இவ்வுண்மை கருதத்தக்கது. அகதிப் பயணம் பெரிதும் இளைஞரின் பயணமாக இருந்தது. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் ஒரு குடும்பம் ஓர் ஆண்பிள்ளையை அனுப்பும். அவன் தன்னை நிலைநிறுத்தி, நிரந்தர வதிவிடம் பெற்று, அதாவது நம்மவர் ‘லாண்டட்’ என்று சொன்ன அந்த ஐ.எம்.எம். 1000 என்ற தாளைப் பெற்று, பின்னர் ஒவ்வொருவராக அழைப்பான். எனவே, தமிழர் புலம்பெயர்வின் முதற்படலம் அகதிச் சட்டத்தாலும் இரண்டாம் படலம் குடும்ப வகுப்பாலும் எழுதப்பட்டன எனல் பொருந்தும். முதலாவதற்கு வீரமும் அவலமும் உண்டாதலால் கதைகள் கிடைத்தன. இரண்டாவது படலம் காத்திருத்தலால் ஆனது. காத்திருத்தலைக் கதையாக்குதல் கடினம்.

4. பிணைமேல் பிணை

1990 யூனில் போர் மீண்டும் மூண்டு ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணப்பெண் கனடாவை நோக்கிப் புறப்படுதல் என்பது முதலிற் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடத்தலாக இருந்தது. அதற்கும் முன்னே, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் ‘பாஸ்’ வேண்டும். அதற்குப் பிணையாள் ஒருவரைக் காட்ட வேண்டும். கொழும்பை அடைந்தால் பொலிஸ் பதிவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதியறைகளில் வாரங்களும் மாதங்களும். பிறப்புச் சான்றிதழ் கிடைக்காவிடின் உத்தேச வயதுச் சான்றிதழ். கிராம சேவையாளரின் கடிதம், பொலிஸ் நற்சான்று, மருத்துவப் பரிசோதனை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்றிவ்வாறு தாள்கள் தாள்களை ஈன்றன.

இதிலே ஒரு முரண் உண்டு. ஊரைவிட்டு வெளியேறுவதற்குப் பின்னே ஓர் உறவினர் பிணை நின்றார். நாட்டுக்குள் நுழைவதற்கு முன்னே ஓர் உறவினர் பிணை நின்றார். இரு பிணைகளுக்கும் இடையே அப்பெண் ஒரு கோப்பு எண்ணாக இருந்தாள்.

மணவுறவு மெய்யானதே, குடிவரவுக்காகச் செய்த பாசாங்கு அன்று, என்று மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பதாரர் மீது விழுந்தது. திருமண நிழற்படங்கள், தொலைபேசிக் கட்டணப் பட்டியல்கள், ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் ஆகியன சான்றாக இணைக்கப்பட்டன. கவிஞர்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். தமிழிலே எழுதப்பட்ட காதற்கடிதம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, ஓர் அதிகாரியின் மேசையில் அன்பின் அளவுக்குச் சான்றாக வைக்கப்பட்டது. தாலி கட்டும் வேளையில் பெற்றோர் எங்கே நின்றனர், விருந்தினர் எத்தனை பேர், சடங்கு வழக்கப்படி நிகழ்ந்ததா என்பன வினாக்களாயின. பேசிச் செய்த கலியாணத்தில் மணமக்கள் ஒருவரையொருவர் குறைவாக அறிந்திருத்தல் இயல்பு. அவ்வியல்பே ஐயத்துக்கு வித்திட்டது. மறுக்கப்பட்டோருக்காகப் பொறுப்பேற்றவர் மேன்முறையீடு செய்யலாம் என்பது இம்முறையின் சிறப்பு. அவ்வழியே வென்றோரும் பலர். வெல்வதற்கிடையில் கழிந்த ஆண்டுகளுக்கு மேன்முறையீடு இல்லை.

1995 இல் நிரந்தர வதிவிடத்துக்கென ஆளுக்கு 975 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டபோது பழைய தலைவரியை நினைவுகூர்ந்தோர் பலர். 2000 இல் அகதிகளுக்கு அது நீக்கப்பட்டது. 2006 இல் ஏனையோர்க்குப் பாதியளவாகக் குறைக்கப்பட்டது.

5. பெயரும் முறையும்

படிவத்தின் முதற்கேள்வியே நம்மவர்க்குச் சிக்கல் விளைப்பது. ‘குடும்பப் பெயர்’ யாது? தந்தையின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே வைக்கும் மரபில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரை அக்கட்டத்தில் நிரப்பினான் மகன். அத்தந்தையின் விண்ணப்பத்திலோ அதே கட்டத்தில் பாட்டனின் பெயர் நின்றது. பெயரன் கனடாவிற் பிறந்தபோது வேறொரு பெயர் அங்கே அமர்ந்தது. ஒரே வீட்டின் மூன்று தலைமுறையினர் மூன்று குடும்பங்களாகத் தாளில் நின்றனர். பதிவேடுகளால் உறவை நிறுவ இயலாத இடங்களில் மரபணுப் பரிசோதனை கேட்கப்பட்டது. முற்றத்தில் எல்லோரும் அறிந்திருந்த தந்தைமையை ஆய்வுகூடம் உறுதிசெய்ய வேண்டியதாயிற்று.

உறவுமுறைச் சொற்களிலே சிக்கல் இன்னும் ஆழமானது. அண்ணன், தம்பி, பெரியப்பா, குஞ்சியப்பா, மாமன், மச்சான் என்று வயதையும் வழியையும் கடமையையும் நுணுகிப் பிரிக்கும் மொழி நமது. பெரியப்பா தந்தையின் இடத்தில் நின்று வளர்ப்பார். அக்கா தாயாவாள். கனடியச் சட்டத்தின் கண்ணில் இவர்கள் குடும்பமல்லர். தத்தெடுத்தலுக்கு முறையான ஆவணம் வேண்டும், வளர்த்தல் போதாது.

அண்ணன் தம்பியை அழைக்க இயலுமா என்று வினவின் சட்டம் தரும் விடை நெஞ்சை உறுத்துவது. தாய் தந்தை இருவரும் இறந்து, வயது பதினெட்டுக்குட்பட்டு, மணமாகாதிருப்பின் தம்பியை அழைக்கலாம். பெற்றோரை இழந்த பின்னரே, சட்டத்தின் முன், தம்பி தம்பியாகிறான். இன்னொரு விதியும் உண்டு. அழைக்கத்தக்க துணையோ பிள்ளையோ பெற்றோரோ ஒருவரும் இல்லாமல், கனடாவிலும் நெருங்கிய உறவினர் எவருமின்றித் தனித்து நிற்பவர், எவ்வகை உறவினர் ஒருவரையேனும் அழைத்துக்கொள்ளலாம். சட்டம் இதைப் பரிவுடனேயே எழுதியது என்பதில் ஐயமில்லை. போரிலே எல்லோரையும் இழந்த ஒருவருக்கு மாத்திரமே மச்சான் உறவினராகிறான் என்று நாம் அதை வாசிக்க நேர்கிறது.

சட்டம் எப்பொழுதும் குறுகியே வந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. 2002 யூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் மணப்பதிவின்றி இணைந்து வாழ்வோரையும் ஒருபால் இணையரையும் குடும்பமாக ஏற்றன. துணைவர்க்கான பொறுப்பேற்புக் காலம் பத்தாண்டுகளிலிருந்து மூன்றாண்டுகளாகக் குறைந்தது. பிள்ளையின் வயது வரம்போ நூலிற் கட்டிய காற்றாடிபோல் ஏறியிறங்கியது. 2002 இல் 22 வயதுக்குட்பட்டோர், 2014 ஓகஸ்டில் 19 வயதுக்குட்பட்டோர், 2017 ஒக்ரோபரில் மீண்டும் 22 வயதுக்குட்பட்டோர். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பத்தொன்பது கடந்த பிள்ளைகள் பெற்றோரின் குடும்பத்திலிருந்து சட்டத்தால் நீங்கினர். 2012 ஒக்ரோபர் முதல் 2017 ஏப்ரல் வரை, புதிதாய் மணந்து பிள்ளையில்லாமல் வந்த துணைவர் இரண்டாண்டுகள் பொறுப்பேற்றவருடன் சேர்ந்து வாழ்ந்தாலன்றி வதிவிடத்தை இழக்கலாம் என்ற நிபந்தனை நிலவியது. கொடுமைக்குள்ளானோருக்கு விலக்கு இருந்தும், அடிபட்ட பெண் வாய்மூடியிருக்கவே அது வழிசெய்தது என்ற கண்டனத்தால் நீக்கப்பட்டது.

6. பெற்றோரின் வரிசை

இன்று இக்கதையின் நோவுமிக்க பகுதி பெற்றோரைப் பற்றியது. துணைவரையும் பிள்ளைகளையும் அழைப்பதற்குப் பொதுவாக வருமான எல்லை இல்லை. பெற்றோரை அழைப்பதற்கு உண்டு. வரிசை நீண்டு, 2011 நவம்பரில் ஏறக்குறைய 165,000 பேர் காத்திருந்த நிலையில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. அதற்கு மாற்றாக 2011 டிசெம்பரில் ‘சூப்பர் விசா’ அறிமுகமாயிற்று. பெற்றோர் வந்து தங்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கலாம், ஆனால் வதிவாளராகார். 2022 யூலை முதல் ஒருமுறை வந்தால் ஐந்தாண்டுகள் வரை தங்கலாம் என்றாயிற்று. மருத்துவக் காப்புறுதி பிள்ளைகளின் பொறுப்பு. ஐந்தாண்டு விருந்தாளி என்ற புதியதோர் உறவுமுறையை நம் வீடுகள் பெற்றன.

2014 இல் வரிசை மீண்டும் திறந்தபோது, பொறுப்பேற்போர் தொடர்ச்சியாக மூன்றாண்டுகள் குறித்த எல்லையினும் முப்பது வீதம் கூடிய வருமானம் காட்ட வேண்டும் என்றும், பொறுப்புக் காலம் பத்தாண்டுகளிலிருந்து இருபதாண்டுகளாக நீளும் என்றும் விதிக்கப்பட்டது. 2017 இல் குலுக்கல் முறை வந்தது. 2019 இல் முந்துவோர்க்கு முன்னுரிமை என்று கணினிவழி திறந்த கதவு சில நிமிடங்களிற் சாத்தப்பட்டது. 2020 இல் விருப்பம் தெரிவித்துப் பெயர் பதிந்தோரிலிருந்தே 2021 முதல் 2025 வரையும் குலுக்கி அழைத்தனர். அந்தப் பதிவைத் தவறவிட்ட பிள்ளைக்கு அவ்வைந்தாண்டுகளிலும் குலுக்கலில் சீட்டே இல்லை. தாய்க்கு எழுபது வயதானால் ஐந்தாண்டு என்பது யாது என்று விளக்க வேண்டுவதில்லை.

பிணையின் முழுக்கனத்தை 2011 யூனில் உச்ச நீதிமன்றம் ‘மாவி’ வழக்கில் எடுத்துரைத்தது. அழைக்கப்பட்டவர் அரச உதவிப்பணம் பெற்றால் அத்தொகையைப் பொறுப்பேற்றவரிடம் அரசு அறவிடலாம். வேலை இழந்தாலும், உறவு முறிந்தாலும், கடன் நீங்காது. அறவிடுமுன் அவரது நிலையைக் கேட்டறிய வேண்டும், காலத்தைத் தள்ளிவைக்கலாம் என்பதே நீதிமன்றம் காட்டிய தளர்வு. உரோமச் சட்டத்தின் ‘ஸ்பொன்சர்’ இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து ஒன்ராறியோவின் தொழிற்சாலை வாயிலில் மீண்டும் நின்றான் எனலாம்.

7. இலக்கியத்தின் கடன்

பிரிவைப் பாடுவதற்கு ஒரு திணையையே வகுத்த மரபு நம்முடையது. பாலையின் பிரிவுக்குப் பொருள்தேடல் காரணம், வெயில் பின்புலம், மீட்சி பருவத்தின் வரவு. நம் தலைமுறையின் பிரிவுக்குப் படிவமே காரணம், கோப்பு எண்ணே பின்புலம், மீட்சியோ குலுக்கற்சீட்டு. இப்பிரிவுக்கு உரிய மொழியை நாம் இன்னும் முழுமையாக ஆக்கிக்கொள்ளவில்லை.

இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவில் இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சீனத் தொழிலாளர் தலைவரிச் சான்றிதழ்களைப் பெட்டியடியில் மடித்து வைத்திருந்தமையால்தான் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றைக் காட்டி அரசிடம் நியாயம் கேட்க முடிந்தது. நம் வீடுகளிலும் அத்தகைய பெட்டிகள் உள்ளன. மறுப்புக் கடிதங்கள், விடுதியறைப் பற்றுச்சீட்டுகள், சான்றாக அளித்துத் திரும்பிவந்த காதற்கடிதங்களின் படிகள், ஐ.எம்.எம். 1000 தாள்கள் யாவும் அவற்றில் உள. அவற்றுக்குரியோர் முதுமை எய்திவிட்டனர். அவர்களுக்குப் பின் அத்தாள்கள் குப்பையாகப் போய்விடும் அபாயம் மெய்யானது. அவற்றைத் திரட்டுவதும், உரியோரின் ஒப்புதலுடன் பாதுகாப்பதும், அவற்றோடு சேர்ந்த வாய்மொழிக் கதைகளைப் பதிவதும் எழுத்தாளரும் கவிஞரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.

1912 இல் இரு பெண்கள் பிள்ளைகளுடன் வன்கூவரில் இறங்கியபோது அரசு அதைக் கருணை என்று எழுதியது. 1976 இன் சட்டம் அதையே நோக்கம் என்று எழுதியது. உரிமை என்று எழுதும் சட்டம் இன்னும் வரவில்லை. அச்சொல்லை எழுதும் முயற்சி நாடாளுமன்றத்துக்கு மாத்திரம் உரியதன்று. உறவு என்பது யாது என்று தீர்மானிக்கும் உரிமையை ஒரு மொழி தன் கவிஞரிடமே முதலில் ஒப்படைத்திருக்கிறது.